மஞ்சள் சீட்டு

“சரி சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

14 ஆண்டுகளாக என்னைத் தம்பி என்று அழைத்தவர், லேத்தில் கடையும் அந்த டர்னர். ஐடிஐ முடித்துவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்த எனக்கு வெர்னியரை எப்படிப் பிடிக்க வேண்டும், அளக்கும்போது விரல் எவ்வளவு அழுத்தலாம் என்று காட்டிக்கொடுத்தவர். தரப் பிரிவின் பொறுப்பு எனக்கு வந்த பிறகும் நான் தம்பியாகத்தான் இருந்தேன். அந்தச் சாயங்காலம் மட்டும் சார் ஆனேன்.

சிறு ராக்கெட் ஒன்றுக்கான வளையம் அது. எரிபொருள் தொட்டியின் அடியில் உட்கார்ந்து இன்ஜின் தாங்கியோடு சேர்வது. உள்விட்டம் 300 மில்லிமீட்டர். அதற்கு மேல் 52 மைக்ரான் வரை போகலாம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), கீழே ஒரு மைக்ரான்கூட இறங்கக் கூடாது. உள்விட்டம் பெரிதானால் பொருத்தம் தளரும், இன்ஜின் நடுக்கோட்டிலிருந்து விலகி உட்காரும், உந்துவிசை சாய்ந்து போகும். இதெல்லாம் எங்களுக்கு வேலை கொடுத்த சென்னைப் பையன்கள் சொல்லித்தந்தது. இரவு பகல் பாராமல் உழைக்கிறவர்கள், கேட்டால் எதையும் மறைக்காமல் விளக்குகிறவர்கள். அவர்களுடைய ராக்கெட்டில் ஒரு துண்டு புதுச்சேரிப் பக்கம் எங்கள் சேதராப்பட்டில் உருவாகிறது என்பதில் எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அக்கினி நட்சத்திரம். மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. எங்கள் ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும்தான். அளவு பார்க்கும் அறையின் ஏசிக்கு இணைப்புக் கொடுக்கவில்லை, டீசல் விலை அப்படி. ஐந்து மணிக்கு வளையம் லேத்திலிருந்து இறங்கியது. வாசலில் சென்னை வண்டி நிற்கிறது. மறுநாள் காலை அவர்களுக்குப் பொருத்திப் பார்க்கும் வேலை. நான் அளந்தேன். 300-க்கு மேல் 94 மைக்ரான். மூன்று திசையில் அளந்தும் 94-ஐ ஒட்டியே வந்தது.

“தம்பி, வளையம் சூடாக இருக்கிறது. ஒரு ராத்திரி ஏசியில் கிடக்கட்டும். காலையில் பாருங்கள்.”

“வண்டி நிற்கிறது அண்ணே.”

“வண்டி போகட்டும்.”

முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். “அளவு மிஞ்சிவிட்டது. மிஞ்சியது மிஞ்சியதுதான்” என்றேன். கழித்துவிட்டதற்கான சிவப்புச் சீட்டைக் கட்டினேன். சீட்டோடு விட்டிருக்கலாம். உலோகத்தில் குழி போடும் சென்டர் பஞ்ச்சை எடுத்து, அவர் மூன்று நாள் நின்று கடைந்த வளையத்தின் பரப்பில், அவர் கண் முன்னாலேயே மூன்று அடி அடித்தேன். இனி யாராலும் பயன்படுத்த முடியாதபடி. அப்போதுதான் அந்த ‘சரி சார்’.

அவர் சொன்னதில் தவறில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. வரைபடத்தின் அளவெல்லாம் 20 டிகிரிக்கு உரியவை. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் 23 மைக்ரான் நீளும். எஃகு அதில் பாதிதான் நீளும். வளையம் அலுமினியம், என் கையிலிருந்த மைக்ரோமீட்டர் எஃகு. இரண்டும் ஒரே புழுக்கத்தில் இருந்தாலும் ஒன்றுபோல வளர்வதில்லை. 33 டிகிரியில், 300 மில்லிமீட்டருக்கு இந்த வித்தியாசம் 45 மைக்ரான். 94-இல் 45 போனால் 49. வளையம் தேறிவிடும்.

ஆனால் அந்த 33 சுவரில் தொங்கிய வெப்பமானி சொன்னது. அது அறையின் சூடு. வளையத்தின் சூட்டைத் தொட்டு அளக்க எங்களிடம் கருவி இல்லை. குளிர்திரவம் பட்டு வளையம் மட்டும் 31-இல் இருந்திருந்தால் கணக்கு 63-க்குப் போய்விடும். கணக்கை நம்பி ராக்கெட்டுக்குள் ஒரு வளையத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதில் நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

அனுப்பாமல் இருந்தது சரி. அழித்தது?

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே எங்களிடம் மஞ்சள் சீட்டு என்று ஒன்று உண்டு. நிறுத்தி வை, பிறகு பார்க்கலாம் என்று பொருள். டர்னர் கேட்டது அதைத்தான். நான் அதை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. முந்தைய மாதம் ஒரு கல்யாணத்துக்காக நான் கடலூர் போயிருந்த நாளில், மஞ்சள் சீட்டு கட்டியிருந்த பம்புக் கூடு ஒன்று அவசரத்தில் வண்டியேறிவிட்டது. வாடிக்கையாளரிடம் நான்தான் பதில் சொன்னேன். இந்த வளையத்துக்கும் அதே கதி வந்தால் என்ன செய்வது? பஞ்ச் அடித்தால் யாரும் ஏற்றமாட்டார்கள். அப்படியானால் நான் நம்பாதது வளையத்தை இல்லை, பட்டறையை. “வண்டி போகட்டும்” என்று சொன்ன ஒரே மனிதரும் அந்தப் பட்டறையில்தான் இருந்தார்.

அன்றிரவே கரண்ட் வந்து, ஏசி விடியும் வரை ஓடி, காலையில் அறை 20-இல் நின்றிருந்தது. அளந்தேன். 49. எல்லைக்குள் 3 மைக்ரான். ஆனால் என் மைக்ரோமீட்டரே 5 மைக்ரான் முன்பின் காட்டக்கூடியது. பஞ்ச் அடியில் வளையம் கொஞ்சம் அசைந்தும் இருக்கலாம். ஆக, அந்த 49 எனக்கு எதிராகவும் சாட்சி சொல்லவில்லை, என் பக்கமும் நிற்கவில்லை.

2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி முதன்முறையாகப் பறந்தது. 34 மீட்டர் உயரம், 120 டன் எடை, 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகக்கூடிய, செலவு குறைந்த சிறு ராக்கெட். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வில் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் சிறிது நேரம் தங்கள் எல்லையை மீறிய அளவைக் காட்டின. கருவிகளில் பழுதே இல்லை. ஆனால் ராக்கெட்டின் கணினி அவை பழுதாகிவிட்டன என்று முடிவு செய்து மாற்று வழிக்குத் தாவியது. 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதில் 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் போய் விழுந்தன. 750 மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளும் அதில் இருந்தது. சரியாக இருந்ததைக் கெட்டது என்று தீர்ப்புச் சொன்னதால் வந்த இழப்பு.

இதை முதலில் படித்தபோது, எங்கேயும் நடப்பதுதான் என்று ஆறுதலாக இருந்தது. பிறகு அந்த ஆறுதல் கசந்தது. அந்தக் கணினிக்கு இருந்தது கண நேரம். எனக்கு ஒரு முழு இரவு இருந்தது. அதுவும் ஒருவர் கையில் எடுத்து நீட்டிய இரவு. இஸ்ரோக்காரர்களோ பிரியும் அமைப்பை மாற்றினார்கள், பழுதைத் தீர்மானிக்கும் முறையைத் திருத்தினார்கள், 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 உட்பட மூன்று செயற்கைக்கோள்களைச் சரியான பாதையில் நிறுத்தினார்கள்.

செலவு குறைந்த ராக்கெட் என்கிறோம். அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். எல்லாம் புது நுட்பத்திலிருந்து வருவதில்லை. சென்னைப் பையன்களிடம் வளையம் கடைய, சான்றிதழோடு வந்த அலுமினியத் தகடு ஒன்றுதான் இருந்தது. மாற்றுத் தகடு வாங்கப் பணமில்லை. எங்களிடம் ஏசிக்கு டீசல் இல்லை, தொடு வெப்பமானி இல்லை. இத்தனை இல்லாமைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக இறங்கி, கடைசியில் ஒரு மனிதரின் மூன்று நாள் உழைப்பின் மேல் உட்கார்ந்தன. இப்படிச் சொல்லும்போதே, பழியை டீசல் மேல் போடுகிறேனோ என்றும் தோன்றுகிறது. பஞ்ச்சை எடுத்தது என் கை.

புதுத் தகடு வர ஐந்து வாரமானது. இரண்டாவது வளையத்தையும் அவர்தான் கடைந்தார். என்னிடம் தரவில்லை, தானே கொண்டுபோய் அளவு அறை மேசையில் வைத்துவிட்டு, “நாளைக்குப் பாருங்கள் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் 27 மைக்ரான். பச்சைச் சீட்டு. அந்த ஆண்டுக் கடைசியில் ஓய்வு பெற்றுப் போகும் வரை அவர் வாயில் தம்பி திரும்ப வரவில்லை.

இப்போது கடைந்த எந்தத் துண்டையும் ஒரு ராத்திரி அறையில் வைக்காமல் நான் அளப்பதில்லை. ஆனாலும் அதே வாசலில் அதே வண்டி நின்று, அதே 94 வந்தால் மஞ்சள் சீட்டை எடுப்பேனா என்று கேட்டால், எடுப்பேன் என்று உடனே சொல்ல முடியவில்லை.

பழைய வளையம் என் மேசைக்கு அடியில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்து அளப்பேன். போன வாரம், அறை 20 டிகிரியில் இருந்தபோது பார்த்தேன். 51.