யார் நம்பராவது போதும்

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிடுமா கண்ணு?" என்று அந்த அக்கா கேட்டார். "இல்லக்கா, ஓடிபி வர்றதுக்கு மட்டும்தான்" என்று சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏற்காட்டுக்கு வண்டி ஏறும் ஒவ்வொரு முறையும், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் இந்த இரண்டு வரியும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

டிசம்பர் மாதம், காப்பிப் பழம் எடுக்கும் சீசன். பறிப்புக்குக் கிளம்பும் முன்பே பார்த்து அனுப்பிவிட வேண்டும் என்பதால், விடிந்ததும் எடை போடும் கொட்டகையிலேயே மருத்துவ முகாமுக்கு மேசை போட்டிருந்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால்தான் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு நாங்களே தோட்டத்துக்குப் போனோம். சேலத்தில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்ப்பார், மாத்திரை எங்கள் பெட்டியில் இருக்கும். இந்த ஏற்பாட்டை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாக்கு கட்டியிருந்தார். விரல் நுனியெல்லாம் பழச்சாறு காய்ந்து கறுத்திருந்தது. முதலில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 190/110. பத்து நிமிடம் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தால் 184/110. தலைவலி உண்டா, மயக்கம் வருமா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். இந்த வியாதியே அப்படித்தான். 140/90ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறோம், ஆனால் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. கை கால் விழுந்த பிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது.

பதிவு முடியாமல் டாக்டரின் திரை திறக்காது. பதிவுக்கு போன் நம்பர் வேண்டும். அக்காவிடம் போன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் நம்பருக்கு இரண்டு முறை போட்டேன், எடுக்கவில்லை. ஷிப்டில் இருந்திருப்பான். வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். "யார் நம்பராவது போதும்க்கா" என்றேன். "மேஸ்திரி நம்பருதான் தெரியும், அது ஆவுமா?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் பொய் சொன்னேனா? அந்த நிமிடம் என் மனதில் இருந்தது ஆறு இலக்கம் மட்டும்தான். ஆனால் மாத்திரை தீரும் நேரத்தில் அதே நம்பருக்குத் தகவல் போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அது தமிழில் போக வேண்டும் என்று மீட்டிங்கில் கேட்டு வாங்கியதே நான்தான். பெயரும் போடுங்கள், ஒரு போனை நாலு பேர் வைத்திருப்பார்கள், யாருக்கான செய்தி என்று குழப்பம் வரக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். அப்புறம் எப்படி "மட்டும்தான்" என்று வாயில் வந்தது?

சம்மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விவரம் தெரிந்து, கட்டாயம் இல்லாமல் கொடுப்பதுதான் சம்மதம். அந்தக் கட்டத்தைத் தொட்டது என் விரல்.

என் நம்பரையே போட்டிருக்கலாமே என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஊழியர் நம்பரைப் போட்டால் போலிப் பதிவு என்று கணக்கில் வந்துவிடும், அனுமதி கிடையாது. தாளில் எழுதிக்கொண்டு டாக்டருக்கு நேராக போன் போட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருடம் திரையைப் பார்த்தே வேலை செய்து, திரை கேட்பதைக் கொடுப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டிருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

ஒரு மாதத்தில் செய்தி போயிருக்கிறது. அக்காவின் பெயர், பிரஷர் மாத்திரை, அடுத்த முகாம் தேதி. மேஸ்திரி படித்துவிட்டு மறுநாளே அவரைப் பறிப்பிலிருந்து நிறுத்தி, கொட்டை காயவைக்கும் களத்துக்கு மாற்றிவிட்டார். நான் போய்க் கேட்டேன். "சரிவுல தலை சுத்தி விழுந்தா நான் யாருக்கும்மா பதில் சொல்றது? களத்துல உக்காந்து கொட்டை பொறுக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதையும் நான் பார்க்கவில்லை. விழுந்தால் பார்க்க அங்கே யாரும் இல்லை என்பதும் உண்மை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் பொறுப்பில் வைத்தது, ஆனால் அது 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களுக்குத்தான். இது பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்னத் தோட்டம்.

ஆனால் பறிப்புக்கு எடைக் கணக்கு, களத்துக்கு நாள் கூலி. அக்கா அந்தத் தோட்டத்திலேயே கை வேகமானவர். வருடம் முழுக்க வாங்கிய கடனை சீசன் எடையில்தான் அடைப்பார். அந்த வருடம் அடைக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. மார்ச்சில் 138/86. அந்த எண்ணை எழுதும்போது எனக்கு வந்த நிம்மதி பொய்யில்லை. பதிவு செய்யாமல் அனுப்பியிருந்தால் ஒரு நாள் பக்கவாதத்தில் கிடந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒருவேளை அப்படி ஆகாமலும் இருந்திருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். அந்த வழியில் சேர்த்துவிட்டிருந்தால் மேஸ்திரி காதுக்குப் போகாமல் முடிந்திருக்குமோ என்னவோ. பகலில் லைன் வீட்டில் ஆள் இருக்காதே என்று உடனே மனசு எதிர்வாதம் செய்யும். இப்படியே போய்க்கொண்டிருக்கும்.

அலுவலகத்தில் சொன்னேன். நம்பர் இல்லாமலும் பதியலாம் என்று மாற்ற ஐந்து மாதம் ஆனது. மாறிய பிறகு நடந்த முதல் முகாமில் அக்காவைத் தேடிப் போனேன். களத்தில் முக்காடு போட்டுக்கொண்டு முறத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். மேஸ்திரி நம்பரை எடுத்துவிடுகிறேன், இனிமேல் செய்தி போகாது என்றேன்.

அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் கண்ணு" என்றார். "இப்ப எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேப்பாரு."