மெட்ரோ வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை: 280 மீட்டருக்கு ஏழு அலுவலகம்

சென்னையில் மெட்ரோ படியேறி வெளியே வந்தவர் பஸ் பிடிக்க 280 மீட்டர் நடக்கிறார். நல்ல நடைக்கு நான்கு நிமிடம். கைக்குழந்தையோ முழங்கால் வலியோ இருந்தால் ஏழெட்டு நிமிடம். நிறுத்தத்தை நிலைய வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்தினால் போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அந்த நகர்த்தலுக்கு எந்தெந்த அலுவலகம், எந்த வரிசையில், எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதைச் செய்து பார்த்த அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறோம். குடியிருப்போர் சங்கங்களுக்கும், வார்டு அளவில் வேலை செய்பவர்களுக்கும் பயன்பட வேண்டும்.

முதலில் அந்த 280 மீட்டரும் யாருடையது என்று பிரித்துப் பாருங்கள். வாசலும் அதையொட்டிய முற்றமும் மெட்ரோ நிறுவனத்துடையது. நடைபாதை பெரும்பாலும் மாநகராட்சியுடையது. தார்ச்சாலை மாநகராட்சியின் பேருந்து சாலைகள் துறையிடம் இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கலாம். அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்றவை இரண்டாவது வகை. மாநகராட்சியின் கையில் இருப்பவை நானூறுக்கும் மேற்பட்ட பேருந்து சாலைகள். சாலைக்கு அடியில் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாயும் மின்வாரியக் கேபிளும் ஓடுகின்றன. வண்டி எங்கே நிற்கலாம் என்பதைப் போக்குவரத்துக் காவல்துறை பார்க்கிறது. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. அதாவது ஏழு கை. மாநகராட்சி என்பதையே ஒரு கையாக எண்ணவும் முடியாது. சாலைக்கு ஒரு துறை, மழைநீர் வடிகாலுக்கு ஒரு துறை, தெருவிளக்குக்கு ஒரு துறை.

மனுவை எழுதும் முன்பே சாலை யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மண்டல அலுவலகத்தின் உதவிப் பொறியாளரைக் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தவறான துறைக்குப் போன மனு "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரியோடு மாதக்கணக்கில் சுற்றும். மாநகராட்சியின் புகார் எண் 1913-லோ, முதல்வரின் உதவி எண் 1100-லோ பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் அது பழுது பார்க்கிற வேலைக்கான வழி, இடமாற்றத்துக்கு அது மட்டும் போதாது.

அடுத்தது கணக்கெடுப்பு. செவ்வாய், புதன் என இரண்டு வேலைநாள் எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8. நான்கு பேர் போதும்: வாசலில் ஒருவர், பழைய நிறுத்தத்தில் ஒருவர், சாலையைக் குறுக்கே கடக்கிற இடத்தில் இருவர். 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாளில் எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள், எந்தெந்தத் தட எண் பஸ் எத்தனை முறை நின்றது என்று குறியுங்கள். "மக்கள் அவதிப்படுகிறார்கள்" என்ற வரியைக் கோப்பு நகர்த்துபவர்கள் தினமும் நூறு முறை படிக்கிறார்கள். "மாலை 6 முதல் 6.15 வரை 140 பேர் நடுத்திட்டில் ஏறிக் கடந்தார்கள்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், அதை மேலதிகாரிக்குச் சொல்ல அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

இந்த ஏழு அலுவலகங்களையும் ஓரிடத்தில் சேர்க்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா, இருக்கிறது. சட்டம் 2010-இல் வந்தது. முதல்வர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நகரம் காத்திருக்கவில்லை. 2015-இல் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. கும்டா சாலை போடாது, பஸ் ஓட்டாது. எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பேசியதை எழுத்தில் கொண்டுவரும். அந்த வேலையைக் குறைவாக எடைபோட வேண்டாம். மனுவை சாலைக்குரிய துறைக்கு முகவரியிட்டு, நகல்களைக் கும்டாவுக்கும் மற்ற ஆறு அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள். யார் யாருக்கு நகல் போனது என்பதை மனுவின் அடியிலேயே எழுதுங்கள். அது தெரிந்தால் "எங்களுக்கு வரவில்லை" என்ற பதில் குறைகிறது.

உண்மையான வேலை நடப்பது கூட்டு ஆய்வில், அதாவது எல்லாத் துறையினரும் ஒன்றாக அந்த இடத்துக்கே வந்து பார்ப்பதில். எல்லோரும் அதை ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன் என்றே சொல்கிறார்கள். இதில் அவசரம் கூடாது. பகல் 11 மணிக்குத் தேதி கொடுத்தால் ஏற்காதீர்கள். அந்த நேரத்தில் எந்தச் சாலையும் அகலமாகத்தான் தெரியும். காலை 8.30 கேளுங்கள். 30 மீட்டர் டேப், சுண்ணாம்புப் பொடி அல்லது ஸ்ப்ரே பெயின்ட், 1:200 அளவில் வரைந்த ஒரே ஒரு வரைபடம் எடுத்துப் போங்கள். ஒன்று என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஒவ்வொரு துறையும் தன் வரைபடத்தைக் கொண்டுவரும். மெட்ரோவின் தாளில் பில்லர் பாக்ஸ் எனும் மின்வாரியத்தின் நடைபாதைப் பெட்டி இருக்காது, குடிநீர் வாரியத்தின் தாளில் புது நடைபாதை இருக்காது. உங்கள் தாளில் எல்லாம் இருக்கட்டும்: பில்லர் பாக்ஸ், மேன்ஹோல் மூடிகள், மரம், விளக்குக் கம்பம், வடிகாலின் வாய், கடைகளின் படிக்கட்டு.

ஒரு பஸ் 12 மீட்டர். இரண்டு பஸ் முன்னும் பின்னும் நின்று, பின்னால் நிற்பது தனியாக விலகிப் போக வேண்டுமென்றால் ஓரக்கல்லை ஒட்டி 35 முதல் 40 மீட்டர் காலியாக வேண்டும். அந்த நீளத்தைத் தரையில் சுண்ணாம்பால் போட்டுக் காட்டுங்கள். போட்டதும்தான் பேச்சு மாறும். "இங்கே ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறதே" என்பார் ஒருவர். "இந்த மேன்ஹோலில் வாரத்துக்கு இரண்டு முறை தூர் வாரும் லாரி நிற்கும்" என்பார் குடிநீர் வாரியத்தவர். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தத் தகவலுக்காகத்தான் எல்லோரும் வெயிலில் நிற்கிறோம். நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் மிஞ்சுகிறதா என்று பில்லர் பாக்ஸின் கதவைத் திறந்து வைத்து அளந்து பாருங்கள். மூடிய கதவோடு அளந்தால் பொருந்தும். லைன்மேன் திறந்து வேலை செய்யும்போது மக்கள் சாலையில் இறங்கி நடப்பார்கள்.

ஆய்வு முடிந்து கலைவதற்கு முன் அந்த ஒரே தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பேசியதன் பதிவான மினிட்ஸ் பிறகு வரும், சில நேரம் ஆறு வாரம் கழித்து வரும், அதற்குள் ஒருவர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து கேட்பார். கையெழுத்திட்ட தாள் இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் அந்தத் தாள் இல்லாமல் போனதால் இரண்டாவது முறை எல்லோரையும் கூட்ட ஐந்து மாதம் பிடித்தது.

பேருந்துகள் எங்கே நிற்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 117-ஆம் பிரிவில் வருகிறது. நடைமுறையில் முதலில் ஒரு வாரம் சோதனை ஓட்டம்: கூம்புகள், தற்காலிகப் பலகை, ஒரு காவலர். இந்த வாரத்திலும் அதே நான்கு பேர், அதே தாளில், அதே நேரத்தில் எண்ணுங்கள். முன்பின் ஒப்பிட அதுதான் ஆதாரம். சோதனை நாட்களில் பழைய நிறுத்தத்தின் பலகையைத் துணியால் மூடச் சொல்லுங்கள். மூடாவிட்டால் பாதிக் கூட்டம் அங்கேயே நிற்கும், ஓட்டுநர் இரண்டு இடத்திலும் நிறுத்துவார், "மாற்றியதால் நெரிசல்" என்று அறிக்கை போகும்.

போக்குவரத்துக் கழகத்தின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும், அது நியாயமானது. புது நிறுத்தத்துக்காகப் பஸ் ஒரு சிக்னலைக் கூடுதலாகக் கடந்தால் ஒரு நடைக்கு, அதாவது ஒரு ட்ரிப்புக்கு, 3 நிமிடம் கூடுகிறது. ஒரு பஸ் நாளில் 10 நடை போனால் 30 நிமிடம். ஒரு நடை போயே போயிற்று. ஆகவே பஸ்ஸைத் திருப்பாமல், அதே ஓட்டத்தில் நிறுத்தத்தை மட்டும் நகர்த்தும் இடத்தைத் தேடுங்கள். அது முடியாத இடத்தில் 'எஸ்' எண் போட்ட சிற்றுந்தைக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய அந்தச் சேவை உட்புறத் தெருக்களுக்காகத்தான் வந்தது. நிறுத்தம் கட்டணம் மாறும் இடமாகவும் (ஸ்டேஜ்) இருந்தால் டிக்கெட் மெஷினிலும் மாற்ற வேண்டும். நடத்துநரிடம் சண்டை வருவது இங்கேதான்.

நிழற்குடை தனிக் கதை. பல குடைகள் விளம்பர உரிமையோடு தனியாருக்கு ஒப்பந்தத்தில் விடப்பட்டவை. ஒப்பந்தத்தில் இடம் பெயரோடு குறிக்கப்பட்டிருந்தால் பெயர்த்தெடுப்பதற்குச் செலவு யாருடையது என்ற கேள்வி எழும். இதைக் கூட்டு ஆய்விலேயே கேட்டுவிடுங்கள்.

ரயில்வே நிலம் ஒரு மீட்டர் குறுக்கிட்டாலும் காலக்கணக்கு வேறு. பொது அமைப்பு வரைபடத்துக்கு ஒப்புதல், மாநில அரசு முன்பணம் கட்டுகிற டெபாசிட் ஒர்க், தண்டவாளத்துக்கு மேல் இரும்பு ஏற்ற நள்ளிரவில் மின்சாரத்தை நிறுத்திய சில மணி நேரம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் நிலையமும் அதைச் சேர்க்கும் ஆகாய நடைபாதையும் பிறகான வேலையாயின. பஸ்ஸும் ரயிலும் ஒரே நாளில் திறக்க வேண்டுமென்றால் ரயில்வேயின் கோப்பு பல ஆண்டு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மாறாக, கத்திப்பாரா மேம்பாலத்துக்கு அடியில் மெட்ரோ நிறுவனம் அமைத்த சதுக்கத்துக்குள் மாநகரப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. நிலம் ஒரு துறை, கட்டியது ஒரு துறை, ஓட்டுவது ஒரு துறை என்றாலும் நடக்கும் என்பதற்கு அது கண்முன் இருக்கிறது.

காலண்டரை மறக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்காக அக்டோபரிலிருந்து சாலையைத் தோண்டும் ரோடு கட் அனுமதி நிற்கும். கூட்டு ஆய்வை ஜனவரியில் முடித்தால் கோடையில் வேலை நடக்கும். ஜூலையில் தொடங்கினால் அடுத்த ஜனவரிதான்.

பெயரையும் பாருங்கள். 'கோயம்பேடு' என்ற மெட்ரோ நிலையம் வேறு, பேருந்து நிலையத்தை ஒட்டிய மெட்ரோ நிலையம் வேறு. பஸ் நிலையத்துக்குப் போக வேண்டியவர்கள் மூட்டையோடு தவறான நிலையத்தில் இறங்குவதை இன்றும் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தருகிறது. செயலியில் நிறுத்தத்தின் புள்ளி பழைய இடத்திலேயே இருந்தால் அத்தனை பாடும் வீண். பலகையை நட்ட வாரத்திலேயே புது அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு இடத்தைக் குனிந்து பாருங்கள். ஓரக்கல் உயரம் 150 மில்லிமீட்டர். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்றால் அதன் நீளம் 1.8 மீட்டர் வர வேண்டும். ஒப்பந்ததாரர் 60 சென்டிமீட்டரில் சிமெண்டு பூசி முடித்திருப்பார், டேப் வைத்துக் காட்டுங்கள். சக்கர நாற்காலி ஏறத் தாழ்தளப் பஸ்ஸிலிருந்து விரிக்கும் பலகை ஓரக்கல்லின் மேல் விழுகிறதா என்றும் பாருங்கள். முன்னால் ஒரு ஆட்டோ நின்றால் பஸ் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும், பலகை சாலையில் விழும், சரிவு இரட்டிப்பாகும், உதவிக்கு ஆளில்லாமல் நாற்காலி ஏறாது. இரண்டாவது, வடிகாலின் வாய். நிறுத்தத்துக்காக நடைபாதையை உயர்த்தியபோது அதை மூடியிருந்தால் முதல் மழைக்கே பயணிகள் நிற்கிற இடத்தில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே தெரிந்துவிடும்.