விமானத்தில் அனுப்ப, கிலோவுக்குத் தோரணம் ஏன் சேலையைவிட விலை கூட?

மலேசியாவில் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் இணையத்தில் கடை நடத்துபவர்கள் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து சரக்கு எடுக்கும்போது முதலில் கேட்பது, "கிலோ என்ன ரேட்?" அது பாதிக் கேள்விதான். விமானத்தின் அடிவயிறு எடையால் நிறைவதற்குள் இடத்தால் நிறைந்துவிடுகிறது. ஆன்லைன் சரக்கு பெருகியபின் இன்னும் சீக்கிரம் நிறைகிறது.

ஒரே அளவில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 60×40×40 செ.மீ. ஒன்றில் தலா 700 கிராம் வீதம் 40 சேலை, 28 கிலோ. மற்றதில் பிளாஸ்டிக் தோரணமும் அலங்காரப் பூவும், 9 கிலோ. கார்கோவில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள்: 96,000 ÷ 6000 = 16 கிலோ. இதுதான் இட எடை. உண்மை எடை, இட எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் பில். சேலைக்கு 28 கிலோ, 9 கிலோ தோரணத்துக்கு 16 கிலோ. கூரியரில் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பதால் அதே தோரணம் 19.2 ஆகும். அரைக் கிலோவுக்கு மேலேற்றி 19.5 என்று போடுவார்கள்.

இரண்டையும் தனித்தனி ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டில்) அனுப்பினால் 28 + 16 = 44 கிலோவுக்குக் காசு. ஒரே பில்லில் போட்டால் மொத்த எடை 37, மொத்த இட எடை 32, ஆகவே 37-க்குத்தான் காசு. ஏழு கிலோ மிச்சம். கனமான சரக்கையும் லேசான சரக்கையும் கலந்து ஏற்றும் ஃபார்வர்டரின் (சரக்கு அனுப்பும் முகவரின்) லாபமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அவர் செய்வதை நீங்களும் செய்யலாம்.

பெட்டி வீங்காமல் கட்டுங்கள். அளப்பவர் அட்டையில் அச்சிட்ட அளவைப் பார்ப்பதில்லை, புடைத்த இடத்தில்தான் டேப்பை வைக்கிறார். தனியாகப் போகும் தோரணப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 செ.மீ. கூடினால் 63×43×43, அதாவது 19.4. திணித்து மூடியதற்குத் தண்டனை மூன்றரைக் கிலோ.

பெரிய விமானங்களில் ஏற்றும் ஏகேஇ கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 4.3 கன மீட்டர், மொத்த எடை வரம்பு 1,588 கிலோ. கன மீட்டருக்கு 120 கிலோ தேறுகிற பொட்டலங்களால் அடைத்தால் 516 கிலோவிலேயே கதவு மூடிவிடும். வரம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 30×20×10 செ.மீ. பொட்டலமாக இருந்தால், இடுக்குகள் போக, ஒரு கன்டெய்னரில் ஏறக்குறைய 570 பிடிக்கும். ஒன்றுக்கு ஆறு விநாடி என்று ஸ்கேன் செய்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். நான்கு மணி நேரப் பறப்புக்குப் பின் சரக்கு தரையில் ஏன் தூங்குகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

போயிங் 737 போன்ற சிறிய விமானங்களில் கன்டெய்னரே கிடையாது, கையால்தான் அடுக்குகிறார்கள். கீழ்க்கதவின் உயரம் 90 செ.மீ.க்கும் குறைவு. அதைவிட உயரமான பெட்டியைச் சாய்த்து நுழைப்பார்கள், குத்துவிளக்கு உடைவது அங்கேதான். பயணிகளின் பைகளுக்கு முதலிடம், மிஞ்சிய இடம்தான் கார்கோவுக்கு. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பயணிகளும் நிறையப் பை கொண்டு வருவார்கள். நமக்கு அவசரமான நேரமும் அதுவே. பன்னிரண்டு பெட்டியில் ஏழு மட்டும் வந்து, மிச்சம் அடுத்த விமானத்துக்குத் தங்கினால் சுங்க வேலையும் இழுக்கும். அவசரச் சரக்கைத் தனி பில்லில் போடலாம், ஆனால் மேலே சொன்ன கலப்பு லாபம் போய்விடும். என்னைக் கேட்டால் கடைசி இரண்டு வாரத்தில் அந்த லாபத்தை விட்டுவிடலாம்.

அக்டோபர், நவம்பரில் நம் ஊர் மாலை மழை தெரிந்ததுதானே. திறந்த வண்டியில் பெட்டி காத்திருக்கும். அட்டைக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை போடுங்கள், துணி பிழைக்கும்.

மின்விளக்குச் சரம் வாங்குபவர்கள் பேட்டரியைப் பாருங்கள். லித்தியம் அயன் பேட்டரி தனியாக, பவர் பேங்க் உட்பட, யூஎன் 3480 (ஆபத்தான சரக்குக்கு ஐ.நா. தரும் எண்). 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை. சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. விளக்குக்குள்ளேயே பொருத்தியிருந்தால் யூஎன் 3481, அதற்கு விதி வேறு. சொல்லாமல் வைத்த ஒரு பவர் பேங்க் எக்ஸ்ரேயில் தெரிந்தால், அந்தப் பெட்டியோடு அதே பில்லில் உள்ள சேலையும் நின்றுவிடலாம்.

சுங்கத்தில் பலர் குழப்பிக்கொள்வது 500 வெள்ளி (ரிங்கிட்) விஷயம். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் விற்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு வரி உண்டு. விற்பனைக்கு மொத்தமாக வரும் உங்கள் பெட்டிகள் அந்தக் கணக்கில் சேராது, வழக்கமான இறக்குமதிதான். இன்வாய்ஸில் "ஜவுளி" என்று மொட்டையாக எழுதாமல் "பெண்கள் சேலை, பாலியெஸ்டர், 40 எண்ணம், ஒன்றின் விலை இவ்வளவு" என்று எழுதச் சொல்லுங்கள். சென்னைக் கடைக்காரர் சலித்துக்கொள்வார். எழுதி வாங்கிய பிறகே பணத்தை அனுப்புங்கள்.