வூடி வில்லியம்ஸ்: நான்கு மணி நேரமும் 77 ஆண்டுகளும்

ஹெர்ஷல் வூடி வில்லியம்ஸ் என்ற அமெரிக்க மரைன் (கடல் வழியாக வந்து கரையிறங்கிப் போரிடும் படை) வீரரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் அவர் போரிட்ட நான்கு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின் அவர் வாழ்ந்த 77 ஆண்டுகளும் அதே அளவு மதிப்புக்குரியவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணைக் குடும்பத்தில் 1923-ல் பிறந்த அவர், 11 வயதில் தந்தையை இழந்தார். மரைன் படையில் சேர 1942-ல் முயன்றபோது உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயர விதி தளர்த்தப்பட்டபின் 1943 மே மாதம் சேர்ந்து, அடுத்த ஆண்டு குவாம் தீவுப் போரில் பங்கேற்றார்.

ஐவோ ஜிமாவில் ஜப்பானியர்கள் ஒன்றுக்கொன்று துணையாகச் சுடும்படி கட்டிவைத்திருந்த கான்கிரீட் பதுங்கரண்களையும், புதைத்துவைத்த கண்ணிவெடிகளையும், கரிய எரிமலை மணலையும் தாண்டி டாங்கிகளால் வழி திறக்க இயலவில்லை. கார்ப்பரல் வில்லியம்ஸ் சுமார் 32 கிலோ எடையுள்ள தீயுமிழ் கருவியை முதுகில் சுமந்துகொண்டு, நான்கே துப்பாக்கி வீரர்களின் காவலோடு முன்னேறினார். அந்தக் கருவியின் எரிபொருள் தொடர்ந்து பீய்ச்சினால் சில நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதால், அவர் திரும்பத் திரும்பத் தம் அணியிடம் வந்து, எரிபொருள் நிரப்பிய வேறொன்றை எடுத்துக்கொண்டு, அதே குண்டு மழைக்குள் மீண்டும் போக வேண்டியிருந்தது. ஒருமுறை நெருங்கிவிட்டுத் தப்பி வருவதே பெரிது. தெரிந்தே அத்தனை முறை திரும்பிச் சென்றதுதான் என்னை மலைக்க வைக்கிறது. ஓர் அரணின் மேலேயே ஏறி, காற்றுத் துளை வழியாகத் தீயைச் செலுத்தினார். அவரைக் காத்து நின்ற நால்வரில் இருவர் அன்று உயிரிழந்தனர். மார்ச் 6 அன்று அவரும் காயமடைந்தார்.

வெள்ளை மாளிகையில் 1945 அக்டோபர் 5 அன்று அதிபர் ட்ரூமன் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை அணிவித்தார். அது தமக்குரியது அல்ல என்றும், தம்மைக் காக்க உயிர் கொடுத்தவர்களின் சார்பில் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர் மட்டுமே தாம் என்றும் அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். மேடைக்காகச் சொன்ன பணிவு அல்ல அது. அவர் செய்த வேலைகளே அதற்குச் சாட்சி. போரின் நினைவுகள் பல ஆண்டுகள் அவரை வாட்டின. ஆயினும் முன்னாள் படைவீரர் நலத் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றி, ஊர் திரும்பிய வீரர்களுக்கு உரிய உதவித்தொகையும் சிகிச்சையும் கிடைக்கத் துணைநின்றார். எதிரி அரணைத் தகர்த்தவரைப் புகழும் நாம், கோப்புகளோடு போராடி ஒரு முன்னாள் வீரரின் குடும்பத்துக்கு வழிசெய்தவரையும் அதே குரலில் புகழ வேண்டும்.

படையில் சேருமுன் அவர் டாக்ஸி ஓட்டினார். போரில் மகனை இழந்த வீடுகளுக்குச் சாவுத் தந்திகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அதில் அடக்கம். அந்த வாசல்களில் கண்ட துயரத்தை அவர் மறக்கவே இல்லை. போரில் மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னங்கள் எத்தனையோ இருக்க, அவர்களைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஏன் இல்லை என்ற கேள்வியோடு, முதுமையில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். ‘கோல்ட் ஸ்டார் குடும்பங்கள்’ என்று அழைக்கப்படும் அவர்களுக்கான முதல் நினைவுச் சின்னம் 2013-ல் மேற்கு வர்ஜீனியாவில் திறக்கப்பட்டது. அவர் மறைவதற்குள் அமெரிக்கா முழுவதும் அத்தகைய சின்னங்கள் நூறைத் தாண்டிவிட்டன. தொண்ணூறைக் கடந்த வயதிலும் ஊர் ஊராகச் சென்று அதற்காகப் பேசினார்.

அமெரிக்கக் கடற்படை 2020-ல் பணியில் சேர்த்த கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மெடல் ஆஃப் ஆனர் பெற்றவர்களில் கடைசியாக உயிரோடிருந்த அவர், 2022 ஜூன் 29 அன்று ஹண்டிங்டன் நகரில் தம் பெயரிலேயே அமைந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 98 வயதில் காலமானார். அடுத்த மாதம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் அவரது உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. அவர் தொடங்கிய அறக்கட்டளை அதன்பிறகும் அந்தக் குடும்பங்களுக்கான சின்னங்களை எழுப்பி வருகிறது.