லாஜிக் சரிதான், ஆனா இன்டர்வியூல முதுகத்தான் காட்டிட்டு நின்னேன்

சாஃப்ட்வேர் வேலை இன்டர்வியூல மூணு டெக்னிக்கல் ரவுண்டுல ஊத்திக்கிட்டதுக்கு அப்புறம்தான் பேனல்ல இருந்த ஒருத்தர் உண்மைய சொன்னாரு, "உன் லாஜிக் எல்லாம் ஓகே தம்பி, ஆனா இருபது நிமிஷமா எங்களுக்கு உன் முதுகுதான் தெரிஞ்சுது"ன்னு. ஒயிட்போர்டுல எழுதுறப்போ நான் போர்டுகிட்டயே பேசிட்டு இருந்திருக்கேன், எழுத்தும் மறைஞ்சு போச்சு, பேச்சும் சரியா கேக்கல.

அப்புறம் வீட்ல சுவத்துல பெரிய பேப்பர் ஒட்டி, எதிர்ல போன வச்சு ரெக்கார்ட் பண்ணி பழகினேன். திருப்பி பாக்கவே கூச்சமா இருக்கும், ஆனா இதவிட நல்ல வாத்தியார் கிடையாது. பக்கவாட்டுல நின்னு ரெண்டு வரி எழுது, ஒரு அடி தள்ளி வா, அவங்கள பாத்து சொல்லு, இவ்ளோதான். யோசிக்கறப்போ கண்ண வேற பக்கம் எடுத்தா தப்பில்ல, ஆனா "ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன்"னு வாயால சொல்லிட்டு எடுங்க, இல்லனா முழிக்கிறான்னு நெனச்சுக்குவாங்க.

வீடியோ கால் தனி கதை. கேமரா ஸ்கிரீனுக்கு மேல இருக்கறதால நாம அவங்க கண்ண பாத்து பேசினாலும் அவங்களுக்கு கீழ பாக்குற மாதிரிதான் தெரியும், அதனால கால் விண்டோவ சின்னதாக்கி கேமராவுக்கு நேர் கீழ இழுத்து வச்சுக்குவேன். ரெண்டாவது மானிட்டர் இருந்தா இன்னும் வம்பு, அந்தப் பக்கமே பாத்து பதில் சொன்னா காப்பி அடிக்கிறான்னு தோணும், "கோட் அந்த ஸ்கிரீன்ல இருக்கு"ன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. நம்ம மூஞ்சி நமக்கே தெரியுற கட்டத்தயும் மறைச்சிடுங்க, ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021ல ஜூம் சோர்வுக்கு (வீடியோ கால்ல பேசிப் பேசி வர்ற அலுப்பு) சொன்ன நாலு காரணத்துல அதுவும் ஒண்ணு. அப்புறம், எதிர்ல இருக்கறவர் குனிஞ்சு டைப் பண்ணா போரடிக்குதுன்னு எடுத்துக்காதீங்க, பெரும்பாலும் நோட்ஸ்தான் எடுப்பாங்க. நான் இத தப்பா புரிஞ்சுகிட்டு நல்லா போய்ட்டு இருந்த பதில பாதில மாத்தி சொதப்பினேன்.

"நாம சொல்ல வர்றதுல 55 சதவீதம் பாடி லாங்குவேஜ்தான்"னு யாராவது கிளாஸ் எடுத்தா நம்பாதீங்க. அந்த நம்பர் மெஹ்ராபியன்ங்கற உளவியலாளர் 1967ல பண்ண ஆராய்ச்சில இருந்து வந்தது, ஒருத்தரோட வார்த்தையும் குரலும் முகமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாதப்போ அவருக்கு நம்மள பிடிக்குதா இல்லயாங்கறத எத வச்சு முடிவு பண்றோம், அவ்ளோதான் அது பாத்துச்சு. டேட்டாபேஸ் இன்டெக்ஸ்னா என்னன்னே தெரியாம நிமிர்ந்து உக்காந்து 55 மார்க் வாங்கிட முடியாது.

வேலைல சேந்த பிறகு எனக்கு பெரிய பிரச்சனையா இருந்தது பேர் புரோகிராமிங், அதாவது ரெண்டு பேர் ஒரே கம்ப்யூட்டர்ல சேந்து கோட் எழுதுறது. பக்கத்துல இருக்கறவங்க ஒரு தப்பு டைப் பண்ணா என் கை தானா கீபோர்டுக்கு போய்டும், வாய் திறந்து திட்டலனாலும் "நகரு, உனக்கு வராது"ன்னு சொல்ற மாதிரிதான் அது, ஒரு ஜூனியர் பொண்ணு அப்படியே நாற்காலிய பின்னாடி தள்ளிகிட்டு ஒதுங்கினத பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. இப்போ தப்பு இருக்கற லைன் நம்பர மட்டும் சொல்றேன், கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு ஒரு பேனாவ பிடிச்சுக்கறேன்.