காலண்டர் தாளில் ஆயிரம் கொக்கு

4

முதல் நாள் இரவு நான்கு காகிதக் கொக்குகள் தேறின. ஐந்தாவதாக ஒன்றும் செய்தேன்; அதைக் கொக்கு என்று சொன்னால் எந்தக் கொக்கும் என்னை மன்னிக்காது. 2016 மே மாதம் ஹிரோஷிமாவுக்குப் போன அமெரிக்க அதிபர் ஒபாமா, தன் கையால் மடித்ததாகக் கொண்டுபோய்க் கொடுத்தவையும் நான்குதான். அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு முக்கால் மணி நேரம்.

ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்து, சரமாகக் கோத்து, ஹிரோஷிமாவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இதுதான் திட்டம். ஜப்பானில் இதைச் ‘சென்பாசுரு’ என்கிறார்கள், ஆயிரம் கொக்கு என்றே பொருள். ஆயிரம் மடித்தால் வேண்டியது நடக்கும் என்பது நம்பிக்கை. கொக்குக்கு ஆயிரம் வயது, ஆமைக்குப் பத்தாயிரம் வயது என்பது அங்கே பழைய வழக்கு. நம் வயலில் நிற்கும் ஒல்லி வெள்ளைக் கொக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் சொல்வது தலையில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பறவை. நம் பறவை நூல்கள் பெருங்கொக்கு என்று எழுதும் இனம். ஆனால் மடித்து முடித்ததும் அது எனக்குக் கொக்காகத்தான் தெரிகிறது. எனவே இங்கே கொக்கு.

யார் அனுப்பினாலும் ஹிரோஷிமா நகராட்சி வாங்கிக்கொள்கிறது. அமைதிப் பூங்காவில் சிறுவர்களுக்கான நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது, 9 மீட்டர் உயரம், உச்சியில் கொக்கைத் தூக்கிப் பிடித்த சிறுமி. அதைச் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிக் கொக்குகள் வருகின்றனவாம், எடை ஏறக்குறைய 10 டன். என் ஆயிரம் அதில் எந்த மூலைக்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

வண்ணத் தாள் கடையில் கிடைக்கிறது. நான் தினசரி காலண்டர் தாளை எடுத்துக்கொண்டதற்கு முதல் காரணம் கஞ்சத்தனம். இரண்டாவது காரணம் சடாகோ.

சடாகோ சசாகி 1943 ஜனவரி 7 அன்று பிறந்தவள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டு வெடித்தபோது வயது இரண்டரை. வெடித்த இடத்திலிருந்து வீடு ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். குழந்தைக்குப் பெரிய காயம் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடும்போது, குண்டின் கரியும் கதிர்வீச்சும் கலந்து பெய்த கறுப்பு மழையில் நனைந்தார்கள். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் ஒரு குறையும் தெரியவில்லை; பள்ளித் தொடர் ஓட்டத்தில் அவள் கெட்டிக்காரி. 1954 கடைசியில் கழுத்தில் வீக்கம் கண்டது. 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த ஆகஸ்டில் நகோயா மாணவிகள் நோயாளிகளுக்கென்று அனுப்பிய கொக்குகளைப் பார்த்துத்தான் இவளும் மடிக்கத் தொடங்கினாள். தாளுக்குப் பஞ்சம். மருந்துப் பொடி மடித்துத் தரும் தாள், மற்ற நோயாளிகளுக்கு வந்த பரிசுகளின் உறை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தாள். அக்டோபர் 25 அன்று இறந்துபோனாள்.

மருந்துப் பொட்டலத் தாளில் மடித்தவள் பெயரில் பளபளக்கும் தாளை விலை கொடுத்து வாங்க மனம் ஒப்பவில்லை.

தெருமுனை மளிகைக் கடையில், வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய 2023ஆம் ஆண்டுக் காலண்டர்கள் மூன்று பரணில் கிடந்தன. “தேதி போன காலண்டர் எதற்கு சார்?” என்றார் கடைக்காரர். “கொக்கு செய்ய, அண்ணாச்சி.” அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று காலண்டர், 1,095 தாள். கிழிந்தது போக ஆயிரம் தேறிவிடும்.

31

காலண்டர் தாளின் குணம் இப்போதுதான் பிடிபடுகிறது. நீளவாட்டில் மடித்தால் சொன்ன பேச்சைக் கேட்கிறது, குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கிறது. முதல் முப்பதில் பதினொன்று கழுத்தில் கிழிந்தன. பக்க ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிக்கிற கட்டத்தில் கோட்டோடு கோடு ஒட்ட மடித்ததுதான் தவறு. அப்போது அழகாக இருக்கும். பிறகு அதே இடத்தை இன்னும் ஒரு முறை ஒடுக்கிக் கழுத்தை உள்பக்கமாகத் திருப்பும்போது தாளுக்குப் போக இடமின்றிப் பிளந்துகொள்ளும். இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை விட்டு மடித்தால் கழுத்து வழுக்கிக்கொண்டு வருகிறது. இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு இரவுகள்.

ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு மை கட்டைவிரலில் ஒட்டுகிறது. அலுவலகத்தில், எங்கே ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார்கள்.

112

அம்மா இதுவரை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்று வந்து உட்கார்ந்து, “நகத்தால் கீறாதே, நகத்தின் முதுகால் தேய்” என்றார். அம்மாவின் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். சூரணப் பொட்டலம் மடித்து மடித்து வளர்ந்த கை அது. இப்போதும் கோயிலிலிருந்து திருநீறு வந்தால் காலண்டர் தாளில் அம்மா மடிக்கும் பொட்டலத்தைத் தலைகீழாக உதறினாலும் ஒரு துளி சிந்தாது.

சடாகோவின் மருந்துத் தாளைப் பற்றிச் சொன்னேன். “பொடி மடித்த தாள் என்றால் அதில் மடிப்பு ஏற்கெனவே விழுந்திருக்குமே. அதை நீவி எடுத்துவிட்டல்லவா அந்தப் பெண் மடித்திருப்பாள்” என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. கசங்கிய தாளைத் தொடையில் வைத்து நீவிக் காட்டினார். அப்படி நீவிய தாளில் அவர் மடித்த மூன்றாவது கொக்கே என் நூறாவதைவிட நன்றாக இருந்தது. அதைப் பெட்டியில் மேலாகப் போடாமல் அடியில் போட்டேன்.

219

குடும்பக் குழுவில் படம் போட்டேன். உடனே பதில் வந்தது: “அந்தச் சிறுமி 644 கொக்குதான் மடித்தாள், ஆயிரம் முடிந்திருந்தால் பிழைத்திருப்பாள், பாவம்.” இந்த 644 ஒரு சிறுவர் நாவலில் வருகிற எண். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சடாகோவின் அண்ணன் மசாஹிரோவும் சொல்வது வேறு: ஆகஸ்ட் முடிவதற்குள் அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். தாண்டிய பிறகும் நிறுத்தவில்லை; ஊசியால் மடிக்கும் அளவுக்குச் சின்னச் சின்னக் கொக்குகளாகச் செய்துகொண்டே இருந்தாள்.

எனக்கு இந்தத் திருத்தம் முக்கியமாகப் படுகிறது. 644 என்றால், கணக்கை முடிக்க நேரமில்லாமல் போயிற்று என்ற ஆறுதல் நமக்குக் கிடைக்கிறது. கணக்கு முடிந்திருந்தது. வேண்டுதலில் ஒரு குறையும் இல்லை. கதிர்வீச்சுக்குக் கொக்குக் கணக்கு தெரியாது.

குழுவில் இதை எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் காலை வணக்கம் அனுப்பினார்.

366

ஆகஸ்ட் மாதத் தாள்களை முன்கூட்டியே எடுத்துக்கொண்டேன். மூன்று காலண்டரிலும் சேர்த்து மூன்று ஆகஸ்ட் 6. 2023இல் அது ஞாயிறு, மூன்றும் சிவப்பு.

1945 ஆகஸ்ட் 6 என்ன கிழமை என்று அம்மா கேட்டார். திங்கள். “திங்கள் காலை எட்டேகாலா? ஏழரை முதல் ஒன்பது ராகு காலம்!” என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு நொடி சிலிர்த்தது, மறைப்பானேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு நாகசாகியின் ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் 9, வியாழன், காலை 11.02. வியாழக்கிழமைத் தாள் ஒன்றை எடுத்தேன். ராகு காலம் பிற்பகல் 1.30 முதல் 3 வரை. எமகண்டம் காலை 6 முதல் 7.30 வரை. நல்ல நேரம் 10.45 முதல் 11.45 வரை.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தானே ஒரு முறை படித்தார். பேசாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு விமானம் முதலில் போனது நாகசாகிக்கு அல்ல, கொகுரா நகருக்கு. அங்கே மேகமும் புகையும் மறைத்து இலக்கு தெரியவில்லை என்று நாகசாகிக்குத் திரும்பினார்கள். கொகுராக்காரர்கள் அன்று காலை என்ன நேரம் பார்த்தார்கள்? ராகுவின் தலையில் போட எனக்கு விருப்பமில்லை. இலக்கைத் தேர்ந்தெடுத்தவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் மனிதர்கள், எல்லோருக்கும் பெயர் இருக்கிறது.

ஆகஸ்ட் 6 மூன்றையும் ஆகஸ்ட் 9 மூன்றையும் அன்றே மடித்தேன். வேகத்தைக் குறைத்துக்கொண்டேன் என்பதைத் தவிர வேறு சடங்கு எதுவும் இல்லை.

540

ஒன்றும் விசேஷமில்லை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மடிக்க முடிகிறது. அது நல்லதா என்று தெரியவில்லை.

702

மழை. பால்கனி ஓரம் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் சாரல் அடித்து, அடியிலிருந்த ஐம்பது அறுபது கொக்குகள் நமுத்துப்போயின. அம்மாவின் கொக்கும் அதில் ஒன்று. கட்டிலில் பழைய வேட்டியை விரித்துப் பரப்பி மின்விசிறியைப் போட்டோம். வேகத்தை இரண்டுக்கு மேல் வைத்தால் பறக்கின்றன; நான் மடித்தவை பறந்ததை முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

ஹிரோஷிமாவிலும் இப்படிக் காற்றாட வைக்கும் ஒரு வேலை உண்டு. நினைவு மேடையின் கல்பேழைக்குள் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள் இருக்கின்றன. குண்டு விழுந்தபோது இறந்தவர்களோடு, அதில் தப்பிப் பின்னாளில் இறந்தவர்களையும் ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இப்போது 3,40,000 பெயர்களுக்கு மேல். மே மாதம், அங்கே மழைக்காலம் தொடங்கும் முன், நகராட்சி ஊழியர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அவற்றை வெளியே எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஈரம் போக்குகிறார்கள். அவற்றில் ஓர் ஏட்டில் பெயரே கிடையாது. பெயர் தெரியாதவர்கள் பலர் என்று மட்டும் குறித்த ஏடு அது. அதையும் புரட்டிக் காற்றாட விடுகிறார்கள்.

கொக்கு காய்ந்துகொண்டிருந்தபோது சும்மா ஒரு கணக்குப் போட்டேன். இப்போது எனக்கு ஒரு கொக்குக்கு மூன்று நிமிடம். 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். ஆளுக்கு ஒன்று மடித்தால் 7,000 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 19 ஆண்டுகளுக்கு மேல். நாகசாகியின் ஏறக்குறைய 74,000 பேருக்கு இன்னொரு 10 ஆண்டு. இன்று தொடங்கினால் முடியும்போது எனக்கு 73 வயது.

இன்னொன்றும் படித்தேன். 2003 ஆகஸ்டில் ஒரு கல்லூரி மாணவன் அந்தச் சிறுவர் நினைவுச் சின்னத்தருகே இருந்த கொக்குகளுக்குத் தீ வைத்தான். எரிந்தவை சுமார் 1,40,000. எண்ணைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். யாரும் கணக்குப் பார்த்து வைத்த தீ இல்லை அது. ஆனாலும்.

1000

கோக்கும் படலம். வழக்கமான முறை சரத்துக்கு 40, மொத்தம் 25 சரம். இறக்கையை விரிக்காமல் மேல்நோக்கி மடித்தபடியே விட்டால் ஒன்றன் மேல் ஒன்று குல்லாய் போல அமர்ந்துகொள்கிறது. வயிற்றின் அடியில் மடிப்புகள் சேரும் இடத்தில் தானாகவே ஒரு சிறு துளை இருக்கிறது, ஊசியை அதில் விட்டு முதுகு வழியே எடுக்க வேண்டும்.

பூக்கட்டும் நூல் போதும் என்று நினைத்தேன். மூன்றாவது சரத்தைத் தூக்கியதும் அறுந்து நாற்பதும் தரையில். அப்புறம் தையல் கடையில் கெட்டி நைலான் நூல் வாங்கிவந்தேன். அடியில் சறுக்காமல் இருக்க மணி கட்டுவார்கள். அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து 25 சட்டைப் பொத்தான்கள். அப்பாவின் சட்டைப் பொத்தான்களும் அதில் இருக்கும். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசிச் சரம் 27இல் நின்றுவிட்டது. பெட்டியில் கொக்கு தீர்ந்துவிட்டது. கிழிந்தவற்றையும் எங்கோ எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறேன். எனவே மேலே போட்டிருக்கும் எண்களைக் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள்ளவும். மிஞ்சிய டிசம்பர் தாள்களில் அன்றிரவே பதின்மூன்றை மடித்து முடித்தோம். ஏழு அம்மா, ஆறு நான்.

25 சரத்தையும் சேர்த்து எடை போட்டேன். அரைக் கிலோகூட இல்லை.

பார்சலோடு ஒரு படிவம் வைத்தேன்: அனுப்புபவர் பெயர், ஊர், செய்தி. நகராட்சி அதையும் பதிந்து வைக்கிறது. சில காலம் தொங்கிய பிறகு கொக்குகளைக் கூழாக்கி மறுபடி தாளாக்குகிறார்கள், அஞ்சலட்டையும் நோட்டுப் புத்தகமும் செய்கிறார்கள் என்று சொன்னபோது அம்மாவுக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். “பின்னே, எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?” என்றார். செய்தி என்ற இடத்தில் நான் எழுதிய மூன்று வாக்கியங்களை அவரே அடித்துவிட்டார். சிறுவர் நினைவுச் சின்னத்தின் அடியில் பொறித்திருப்பதைப் படித்துக் காட்டியிருந்தேன்: ‘இது எங்கள் கூக்குரல். இது எங்கள் வேண்டுதல். உலகில் அமைதியைக் கட்டியெழுப்ப.’ “அதுதான் அங்கேயே எழுதியிருக்கிறதே, நீ வேறு எதற்கு? பெயரை மட்டும் எழுது” என்றார். இரண்டு பெயர்கள் எழுதினோம்.

பார்சல் போய் ஒன்பது நாள் ஆகிறது. இன்று காலை காபிக்கு வந்தபோது, சுவர்க் காலண்டரில் அம்மா நேற்றைய தாளைக் கிழித்திருந்தார். அது சதுரமாக வெட்டி, நகத்தின் முதுகால் நீவி, என் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது.