சாத்தப்பன்னு இப்ப யாரு பேரு வைக்கிறாக?

காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீடுகள்ல மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெத்த ஐயா பேர வைக்கிற வழக்கத்தாலதான் சாத்தப்பன்ங்கிற பேரு இன்னும் தப்பிச்சு நிக்குது, சென்னையில சொன்னா ஸ்பெல்லிங் கேக்குறாக. சாத்தன்னா ஐயனாரு. சாத்துன்னா பழைய தமிழ்ல வியாபாரக் கூட்டம், கோவலனோட அப்பா மாசாத்துவான் பேருலயும் அதே சாத்துதான், பர்மா மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போன ஆளுகளுக்கு வேற என்ன பேரு பொருந்தும்? மணிமேகலை எழுதினவரும் சாத்தனாருதான். இலக்கண உரைக்காரங்க உதாரணம் காட்டணும்னா உடனே 'சாத்தன் வந்தான்'னுதான் எழுதுவாங்க, அவ்ளோ சாதாரணப் பேரு (அந்தக் கால ரமேஷ்னு வச்சுக்கங்களேன்). மாமனார் பேர மருமக வாயால சொல்லக்கூடாதுன்னு பயல வீட்டுல 'தம்பி', 'ராசா'ன்னே கூப்பிடுவாக. இப்ப சர்டிபிகேட்ல சாத்தப்பன், கூப்பிட சாத்விக். எனக்கு இது சுத்தமாப் பிடிக்கல, சாத்தப்பான்னே கூப்பிடுங்கப்பா.